உருவம் என்றால் எந்த உருவம்?

புரதம் என்றதும் ஒரு சிற்பத்தை நினைத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். 1894இல் எமில் ஃபிஷர் நொதிகளுக்குப் பூட்டு-சாவி உவமை சொன்னார். 1958இல் ஜான் கெண்ட்ரூ குழு மயோகுளோபினின் வடிவத்தை எக்ஸ்-கதிரால் கண்டது. உருவம் இருந்தால்தான் செயல் என்பது கேள்வி கேட்கமுடியாத விதியாகிப்போச்சு. ஆனால் அந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு: எண்ணற்ற மூலக்கூறுகள் ஒரே தோரணையில் படிகமாக அணிவகுத்து நிற்கவேண்டும். நிற்காமல் நெளிகிற பகுதி வரைபடத்தில் விழாது. படிகத்துக்குத் தொல்லை என்று அதை வெட்டிவிடுவதும் உண்டு. கருவிக்கு அகப்படாதது முக்கியமில்லாததாகிவிடுகிற இந்த நகர்வுதான் என்னை உறுத்துவது. 1999இல் பீட்டர் ரைட்டும் ஜேன் டைசனும், நிலைத்த உருவமில்லாமலே வேலை செய்யும் புரதங்களைக் காட்டி விதியை மறுபரிசீலனை செய்யக் கோரினார்கள்.

சரி, நிற்காததை எப்படிப் பார்ப்பது? கரைசலில் மிதக்கவிட்டே எக்ஸ்-கதிரைப் பாய்ச்சுகிறது சிறுகோணச் சிதறல் முறை. நேர்ப்பாதையிலிருந்து சற்றே விலகும் கதிர், எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று குறித்தால் கிடைப்பது ஒரே ஒரு வளைகோடு. படம் அல்ல. அதன் தொடக்கச் சரிவிலிருந்து மூலக்கூறு எவ்வளவு பரந்து கிடக்கிறது என்று கணக்கிடலாம். கிராட்கி முறையில் மாற்றி வரைந்தால் மடிந்த புரதம் மணி மாதிரி ஏறி இறங்கும். குலைந்தது ஏறியபின் இறங்காது.

பார்க்கின்சன் நோயில் திரளும் ஆல்ஃபா-சைனூக்ளினை எடுத்துக்கொள்வோம். 140 அமினோ அமிலங்கள். கச்சிதமாக மடிந்திருந்தால் அதன் சுழல் ஆரம் 15 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும். 2001இல் வெளியான அளவீட்டில் சுமார் 40. கரைசலை அமிலமாக்கியதும் 30 பக்கம் சுருங்கியது.

'மையம் தகர்ந்தது, பன்மை வென்றது' என்று நம்மவர்கள் இதைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம். சங்கிலியின் ஒவ்வொரு கணுவும் எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்பதற்கு வரம்பு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் சகாக்களும் 1963இல் வெளியிட்டது அந்த வரம்பைத்தான்.

தவிர, அந்த 40 எந்தத் தனி மூலக்கூறின் அளவும் அல்ல, கூட்டத்தின் சராசரி. கூட்டத்தை எப்படி மீட்பது? 2007இல் பாவ் பெர்னாடோவும் ஹாம்பர்கில் திமித்ரி ஸ்வெர்குன் குழுவும் ஒரு வழி சொன்னார்கள்: கணினியில் ஆயிரக்கணக்கில் உருவங்களை உண்டாக்கி, சேர்ந்து சிதறினால் அளந்த வளைகோட்டைத் தருகிற குழுவைப் பொறுக்குவது. சிக்கல் என்னவென்றால், வெவ்வேறு குழுக்கள் அதே வளைகோட்டைத் தரும். அதிலிருந்து ஒன்றை மட்டும் அழகாக அச்சிட்டால் மறுபடி சிற்பம்தான். காந்த ஒத்ததிர்வு அளவீடுகளையும் சேர்த்தால் பொருந்தும் குழுக்கள் குறையும், ஒன்றே ஒன்றாகிவிடாது.