மறையாக்கச் சுரங்கவழியில் பழுது காணும் முறை

மலைப்பாங்கான தாலுகா ஒன்றிலுள்ள மருத்துவமனை, நோயாளிகளின் இரத்தப் பரிசோதனை முடிவுகளையும் எக்ஸ்ரே படங்களையும் ஜில்லாத் தலைமை மருத்துவமனைக்கு நாள்தோறும் அனுப்பவேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவை செல்லும் பாதையாகிய இன்டர்நெட் ஒரு பொதுவழி. இடையிலிருப்போர் அவற்றைப் படித்துவிடக்கூடும். ஆகவே இரு முனைகளிலும் லினக்ஸ் அமைப்பில் இயங்கும் கணிப்பொறிகளை நிறுவி, அவற்றிற்கிடையே மறையாக்கம் செய்யப்பெற்ற ‘சுரங்கவழி’ ஒன்றை அமைக்கின்றனர். ஒருநாள் காலை அவ்வழி அடைபட்டுவிடுகிறது. திரையில் பிழைச் செய்தி எதுவும் இல்லை. அவசரத்திலிருக்கும் ஊழியர், இன்று ஒருநாள் மாத்திரம் திறந்த வழியிலேயே அனுப்பிவிடலாமே என்று எண்ணுகிறார். அவ்வாறு அனுப்பப்பட்ட நோயாளியின் அந்தரங்கத்தை மறுநாள் எவராலும் மீட்க இயலாது. எனவே பழுதை விரைவில் இனங்காணும் முறையை அறிந்திருத்தல் அவசியமாகும்.

லினக்ஸ் என்பது, ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் மாணவராயிருந்த லைனஸ் டார்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் தொடங்கி, பின்னர் பல நாட்டவரும் சேர்ந்து வளர்த்துவரும் இயக்க அமைப்பு. அதன் மூலநிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். ஜேசன் டோனன்ஃபெல்ட் வகுத்த வயர்கார்ட் என்னும் சுரங்கவழி மென்பொருள், 2020 மார்ச்சு மாதம் வெளியான லினக்ஸ் 5.6 பதிப்பில் கருப்பகுதியிலேயே சேர்க்கப்பட்டது. நாம் இங்கு ஆராயப்போவது இதனையே.

வயர்கார்டின் தனி இயல்பு மௌனம். தனக்கு அறிமுகமாகாத எவர் கதவைத் தட்டினாலும் அது விடையளிப்பதில்லை. ‘நீ தவறான சாவியுடன் வந்திருக்கிறாய்’ என்றுகூடச் சொல்வதில்லை. இவ்வியல்பு பகைவரை ஏமாற்றுவதற்கென அமைந்தது. ஆயினும் பழுது பார்ப்பவரையும் அது அவ்வாறே திகைக்க வைக்கிறது. அபூர்வமாக அது வாய் திறக்கும்போது கூறும் சொற்களும் சில வேளை வழிதவறச் செய்வன. ‘தேவையான சாவி கிடைக்கவில்லை’ என்று பிங் கட்டளை அறிவிக்குமாயின், பலர் நல்ல சாவிகளை எறிந்துவிட்டுப் புதியன செய்யத் தொடங்குகின்றனர். உண்மையில் அதன் பொருள் வேறு: நாம் அனுப்ப முயன்ற முகவரி, எதிர்முனை எதற்கும் உரிய ‘அனுமதிக்கப்பட்ட முகவரிகள்’ பட்டியலில் இல்லை என்பதே. பட்டியலைத் திருத்தினால் போதும். சொல்லுக்குச் சொல் பொருள் கொள்வதால் விளையும் கேட்டிற்கு இதனினும் தக்க உதாரணம் கிடைப்பது அரிது.

இனி, எவ்விதச் செய்தியும் இல்லாதபோது செய்யத்தக்கது யாது? பொதிகளின் அளவைப் பார்த்தல் ஒரு சிறந்த உபாயம். அவற்றின் உள்ளடக்கம் மறைந்திருப்பினும் நீளம் மறைந்திருப்பதில்லை. தொடர்பை நாடும் முனை முதலில் 148 பைட் நீளமுள்ள அழைப்பை அனுப்பும். ஏற்கும் முனை 92 பைட் நீளமுள்ள விடையைத் தரும். விடை வராவிடில் ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை அழைப்பு மீண்டும் செல்லும். டி.சி.பி.டம்ப் என்னும் கருவியை இரு முனைகளிலும் இயக்கி நோக்கின், பழுது எங்கே என்பது விளங்கும். அழைப்பு மறுமுனையை அடையவே இல்லையெனில், இடையிலுள்ள தீயரணோ, துறை எண்ணோ, முகவரியோ காரணம். அடைந்தும் விடை கிளம்பவில்லையெனில், பெரும்பாலும் சாவிகள் பொருந்தவில்லை; அல்லது கடிகாரம் பிழைபட்டிருக்கிறது. விடை கிளம்பியும் வந்து சேரவில்லையெனில், திரும்பும் வழியில் தடை.

கடிகாரத்திற்கும் மறையாக்கத்திற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர் வினவலாம். ஒவ்வோர் அழைப்பிலும் அதை அனுப்பிய நேரம் பொறிக்கப்படுகிறது. பழைய அழைப்பை எவரேனும் பதிவுசெய்து வைத்து மீண்டும் அனுப்பி ஏய்த்தலைத் தடுக்கும் பொருட்டு, கடைசியாகப் பெற்ற அழைப்பின் நேரத்திற்குப் பிற்பட்டதல்லாத எதனையும் ஏற்கும் முனை தள்ளிவிடும். ராஸ்ப்பெரி பையின் நான்காம் மாதிரி வரையிலான சிறு கணிப்பொறிகளில், மின்சாரம் இல்லாதபோது ஓடும் கடிகாரம் கிடையாது. திடீரென மின்சாரம் நின்று மீளும்போது அவை எப்போதோ குறித்துவைத்த பழைய நேரத்துடன் விழித்தெழுகின்றன. சரியான நேரத்தை வலையமைப்பின் வழியே பெறலாம். ஆனால் அந்தக் கோரிக்கையும் சுரங்கவழியாகவே செல்லுமாறு அமைத்துவிட்டால், வழி திறக்க நேரம் வேண்டும், நேரம் பெற வழி வேண்டும் என்ற சிக்கல் ஏற்படும். நேரச் சேவையைச் சுரங்கத்திற்கு வெளியே செல்ல விடுவதே பரிகாரம். மறுமுனையில் வயர்கார்டை நிறுத்தி மீண்டும் தொடங்கினாலும் தொடர்பு உண்டாகும். ஏனெனில் கடைசி நேரத்தைப் பற்றிய நினைவு அதனால் அழிந்துவிடுகிறது. நோய் தீர்ந்ததென்று அப்போது நம்பிவிடலாகாது. அடுத்த மின்தடையில் அது திரும்பும்.

யாவற்றிலும் விசித்திரமான பழுது ஒன்று உண்டு. அழைப்பும் விடையும் சரியாக நடைபெறுகின்றன. பிங் கட்டளைக்கும் மறுமொழி கிடைக்கிறது. இரத்தப் பரிசோதனையின் சில வரி முடிவுகளும் சென்றுவிடுகின்றன. எக்ஸ்ரே படத்தை அனுப்பினால் மாத்திரம் பாதியில் நின்றுவிடுகிறது. சிறிய பொதிகள் செல்ல, பெரியவை வழியில் மாய்கின்றன என்பதே இதன் காரணம்.

ஈதர்நெட் கம்பி ஒரு தடவையில் ஏற்கும் பொதியின் உச்ச அளவு 1500 பைட். வயர்கார்ட் ஒவ்வொரு பொதியையும் ஓர் உறையிலிடுகிறது, ஐ.பி. நான்காம் பதிப்பில் உறையின் கனம் 60 பைட், ஆறாம் பதிப்பில் 80 பைட். ஆகவேதான் உள்ளிடத்தக்க அளவு வழக்கமாக 1420 என வைக்கப்படுகிறது. இடைவழியில் எங்கேனும் 1500-ஐவிடக் குறைந்த அளவே செல்லுமாயின் இக்கணக்கு பிசகும். நான்காம் பதிப்பில் பெரும் பொதி துண்டாடப்படலாம். சில தீயரண்களோ துண்டுகளை ஏற்பதில்லை. ஆறாம் பதிப்பில் இடைநிலையங்கள் துண்டாடுவதே இல்லை. ‘பொதி பெரிது’ என்று எச்சரிக்கும் சிறு செய்தியையும் பாதுகாப்பின் பெயரால் தடுத்துவிடும் நிர்வாகிகள் பலர்.

இதனை அளந்தறிவது எளிது. சுரங்கத்திற்கு வெளியே, துண்டாடலாகாது என்ற நிபந்தனையுடன், மறுமுனையின் பொது முகவரிக்குப் பல அளவுகளில் பிங் அனுப்ப வேண்டும். நான்காம் பதிப்பில் 1372 பைட் சென்று, 1373 செல்லவில்லையெனில், தலைப்புகளின் 28 பைட்டையும் கூட்டி வழியின் கொள்ளளவு 1400 எனக் கொள்ளலாம். அதிலிருந்து 60-ஐக் கழித்து, இரு முனைகளின் அமைப்புக் கோப்பிலும் 1340 என எழுதினால் எக்ஸ்ரே படம் சென்றுவிடும்.

பழுதைத் தீர்க்க அனுபவமுள்ள பிறரை நாடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமைப்புக் கோப்பில் அந்தரங்கச் சாவி வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். கோப்பை அப்படியே பிரதியெடுத்து அனுப்புவது வீட்டுச் சாவியை அஞ்சலில் இடுவதற்கு ஒப்பாகும். ‘டபிள்யூ.ஜி. ஷோ’ என்னும் கட்டளை அச்சாவியை மறைத்தே காட்டும். அதன் வெளியீட்டைத் தரலாம். சாவி ஏற்கெனவே வெளிப்பட்டுவிட்டிருப்பின், அன்றே புதிய சாவி இணையொன்றை உண்டாக்கி, அதன் பொதுச் சாவியை மறுமுனையில் பதிவுசெய்து, பழையதை அங்கிருந்து நீக்கிவிடவேண்டும்.