மெலிவுத் தானத்தின் கருவி: மெட்டல் இசைக்குழுவில் பேஸ் கித்தார்

ராக் அல்லது மெட்டல் இசைக்குழு ஒன்றைக் கேட்போர் முதலில் கவனிப்பது பாடகரையும் முன்னணிக் கித்தாரையுமே ஆகும். பேஸ் கித்தார் வாசிப்பவர் மேடையில் நிற்பது தெரியும். அவர் செய்வது யாது என்பது பலருக்குத் தெளிவாவதில்லை. நம் மரபிசையில் தோய்ந்த செவிக்கு இத்தெளிவின்மை இன்னும் மிகுதி. நம் இசையில் அடித்தளம் அசையாதது. அவ்விசையிலோ அடித்தளமே நகர்வது. இவ்வேறுபாட்டைத் தமிழிசைக் கலைச்சொற்களின் துணைகொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

பேராக் மாநிலத்தின் வட எல்லையில், கிரியான் ஆற்றங்கரையில் அமைந்த ஊர் பாரிட் புந்தார். பினாங்கின் நிபோங் திபாலும் கெடாவின் பண்டார் பாருவும் அருகிலேயே உள்ளன. முதலில் கரும்புத் தோட்டங்களுக்கும் பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் கொண்டுவரப்பட்ட தமிழர்களின் வழித்தோன்றல்கள் இவ்வட்டாரத்தில் வாழ்கின்றனர். இத்தகைய ஊரில் வளரும் இளைஞனுக்குத் தாழ்ந்த ஒலி புதியதன்று. கோயில் திருவிழாவில் உறுமியின் தோலை வளைந்த குச்சியால் தேய்த்து எழுப்பும் அந்த இழைந்த ஒலி, பேஸ் தந்தியின்மீது விரலை வழுக்கிச் செல்லும்போது எழும் ஒலிக்கு மிக நெருங்கியது. (இவ்வொற்றுமை தனியே ஆராயத்தக்கது.) வானொலி வழி கேட்ட திரையிசையும் இங்குக் கருதத்தக்கது. இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸ் கித்தார், பாடலுக்கு அடியில் வெறுமனே தாளம் தட்டிக்கொண்டிராமல் தனக்கென ஒரு மெட்டோடு செல்வதைக் கூர்ந்து கேட்போர் உணர்வர். எனவே, பேஸ் கித்தாரின் ஒலி தோட்டப்புறத் தமிழருக்கு 1980களிலேயே பழக்கமானது எனலாம், பெயர்தான் பழக்கமாகவில்லை.

இக்கருவியின் வரலாறு நெடியதன்று. லியோ ஃபெண்டர் என்னும் அமெரிக்கர் 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் என்னும் கருவியே இதனைப் பரவலாக்கியது. அதற்கு முன்னர் இப்பணியைச் செய்தது ஆளுயரமுள்ள இரட்டை பேஸ் என்னும் வில்லிசைக் கருவியாகும். பேஸ் கித்தாருக்குப் பொதுவாக நான்கு தந்திகள் உண்டு. தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. சாதாரணக் கித்தாரின் தடித்த தந்தியோ 82 முறை. அதாவது, பேஸ் ஒரு தானம் தாழ்ந்து ஒலிக்கின்றது. வலிவு, சமன், மெலிவு எனச் சிலப்பதிகாரம் காட்டும் மூவகைத் தானங்களுள் மெலிவுக்கு உரிய கருவி இதுவே எனக் கொள்வது பொருந்தும்.

தம்புராவுக்கும் நான்கு தந்திகளே. ஆயினும், தம்புரா ஆதார சுருதியை விட்டு நகராது. பாடகர் எழுப்பும் ஒவ்வொரு சுரமும் அந்த ஒரே சுருதியோடு வைத்து அளக்கப்படுகிறது. பேஸ் கித்தார் இதற்கு மாறானது. பாடகர் சட்சமத்திலேயே நிற்கிறார் எனக் கொள்வோம். பேஸ் அதே சட்சமத்தை ஒலித்தால் அது குரலாகவே நிலைபெறும். பேஸ் சுத்த மத்திமத்திற்கு நகர்ந்தால், பாடகர் அசையாதிருக்கவே அவருடைய சுரம் இளியாகிவிடுகிறது. பேஸ் சதுச்சுருதி தைவதத்திற்குச் சென்றால் அதே சுரம் சாதாரண காந்தாரமாக, சற்றே துயரம் தோய்ந்து கேட்கிறது. பாடியது ஒன்று, பொருள் மூன்று. நம்மவர் பண்ணுப்பெயர்த்தல் என்று வழங்கிய செயலை, பேஸ் வாசிப்பவர் ஒரு பாடலுக்குள்ளேயே சில நொடிகளுக்கு ஒருமுறை செய்துகாட்டுகிறார் எனலாம். இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல எனினும், மாணவர்க்கு விளக்க இதனினும் எளிய வழி இல்லை.

மெட்டல் இசையில் இப்பணி மேலும் இன்றியமையாததாகிறது. அங்குக் கித்தாரின் ஒலி வேண்டுமென்றே சிதைக்கப்படுகிறது. சிதைந்த ஒலியில் காந்தாரத்தைச் சேர்த்தால் குழப்பமே மிஞ்சும் ஆதலின், கித்தார்க் கலைஞர் பெரும்பாலும் குரலையும் இளியையும் மட்டுமே இணைத்து வாசிக்கிறார். அவ்விணைப்பின் வேரை ஒரு தானம் கீழிருந்து தாங்குவதும், காலால் மிதித்து அடிக்கும் பெருமுரசோடு அதனைப் பிணைப்பதும் பேஸ் கித்தாரின் கடமை. இது இல்லாவிடில் நேர்வதை அறிய ஒரு சான்று உண்டு. மெட்டாலிகா குழுவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் 1986இல் சுவீடனில் நிகழ்ந்த பேருந்து விபத்தில் இறந்தார். அவருக்குப்பின் வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்து 1988இல் வெளிவந்த தொகுப்பில், ஒலிக்கலவையின்போது பேஸ் ஏறத்தாழக் கேளாத அளவிற்குத் தாழ்த்தப்பட்டது. அத்தொகுப்பின் ஒலி வறண்டு மெலிந்திருப்பதாக இன்றளவும் கேட்போர் குறைகூறுகின்றனர். இருந்தபோது எவரும் கவனியாத ஒன்று, இல்லாதபோது எல்லார்க்கும் தெரிந்தது.

இவ்விசையைப் பற்றிய அறியாமை நம் நாட்டில் வெறும் கல்விக்குறையாக மட்டும் நின்றுவிடவில்லை. 2005 டிசம்பர் 31ஆம் நாள் இரவு கோலாலம்பூரில் நடந்த இசைநிகழ்ச்சி ஒன்றில் காவல்துறையினர் நுழைந்து 300க்கும் மேற்பட்ட இளைஞரைத் தடுத்துவைத்தனர். அது பங்க் இசை சார்ந்த நிகழ்ச்சியாக இருந்தும், ‘பிளாக் மெட்டல்’ கூட்டம் என்றே நாளிதழ்கள் எழுதின. கறுப்புச் சட்டையும் உரத்த ஒலியும் ஒருவரைக் குற்றவாளியாக்கப் போதுமானவையாக இருந்தன. கித்தார்ப் பையோடு வகுப்புக்கு வரும் மாணவனை எதிர்கொள்ளும் ஆசிரியர், அவன் வாசிப்பது இன்னதென்று அறிந்திருப்பது இதனாலேயே தேவையாகிறது.

தமிழர் வாழும் அண்டை நாட்டில் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூரில் 1992இல் தோன்றிய ருத்ரா குழுவின் பாடகரும் பேஸ் கலைஞரும் ஒருவரே, அவர் கதிரேசன். 1998இல் முதல் தொகுப்பை வெளியிட்ட இக்குழு, 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்னும் பொதுப்பெயரில் மூன்று தொகுப்புகளை வெளியிட்டது. வேதாந்தக் கருத்துகளே அவற்றின் பாடுபொருள். ‘வேத மெட்டல்’ எனப் பெயர்பெற்ற இவ்விசையையும் சிங்கப்பூர்த் தென்னிந்தியச் சமூகத்தையும் இணைத்து யூஜின் டைரியநாதன் எழுதிய ஆய்வுக்கட்டுரை 2009இல் வெளிவந்தது. ருத்ராவின் பாடல்களில் ஆங்கிலமும் வடமொழியும் பெறும் இடத்தைத் தமிழ் பெறவில்லையே என்னும் வினா தமிழாசிரியர்க்கு எழுவது இயல்பு. அவ்வினா நியாயமானதே. சித்தர் பாடல்களின் வேகமும் கடுமையும் இவ்விசைக்கு எவ்வளவு பொருந்தும் என்பது என் தனிப்பட்ட எண்ணம்.

பாடிக்கொண்டே பேஸ் வாசிப்பது எளிதன்று. கித்தாரை மீட்டிக்கொண்டு பாடுவோர் பலர். அங்குக் கையும் வாயும் பெரும்பாலும் ஒரே நடையில் செல்லும. பேஸ் வாசிப்பவரின் கையோ பெருமுரசைப் பின்தொடர, வாய் சொற்களின் நடையில் செல்ல வேண்டும். கையில் ஆதி தாளம் போட்டுக்கொண்டு வாயால் திச்ர நடையில் சொற்கட்டுச் சொல்லிப் பழகிய மாணவன் இவ்விடர்ப்பாட்டை உடனே புரிந்துகொள்வான். அவன் கையில் பேஸ் கித்தாரைக் கொடுத்தால், முதல் வாரத்தில் விரல்நுனிகள் கொப்புளிக்கும், தாளம் தவறாது.