வர்மா விசாரணை ஆணையம் (1991–1992)

வர்மா விசாரணை ஆணையம் என்பது, முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் மனித வெடிகுண்டால் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அவருடைய பாதுகாப்பு ஏற்பாடுகளில் குறை இருந்ததா என்று ஆராய இந்திய அரசு அமைத்த ஆணையம் ஆகும். அப்போது உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜே. எஸ். வர்மா இதன் ஒரே உறுப்பினர். 1991 மே 27 அன்று அமைக்கப்பட்ட இந்த ஆணையம் 1992 ஜூனில் அறிக்கை அளித்தது.

கொலையாளிகளைக் கண்டுபிடிப்பது இந்த ஆணையத்தின் வேலையாக இருக்கவில்லை. வெடிகுண்டுத் தாக்குதலை எதிர்கொள்ள நம் காவல் அமைப்பு ஆயத்தமாக இருந்ததா, இந்தக் கொலையைத் தடுத்திருக்க முடியுமா என்பதே அதன் முன் இருந்த கேள்வி. அந்த வகையில் தமிழ்நாட்டு மண்ணில் நடந்த ஒரு நிகழ்வைக் கொண்டு, காவல்துறையின் ஆயத்த நிலையை அரசே எடைபோட்ட முக்கியமான முயற்சி இது.

மூன்று விசாரணைகள்

இந்த வழக்கைப் படிக்கும் மாணவர்கள் மூன்று விசாரணைகளை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வது வழக்கம். அவற்றின் வேறுபாடு வருமாறு:

1. சிறப்புப் புலனாய்வுக் குழு: மத்தியப் புலனாய்வுத் துறையின் (சி.பி.ஐ.) கீழ், டி. ஆர். கார்த்திகேயன் தலைமையில் இயங்கியது. குற்றவாளிகள் யார் என்று கண்டறிந்து நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது இதன் பணி.

2. வர்மா ஆணையம்: பாதுகாப்பில் யார், எங்கே தவறினார்கள் என்பதை ஆராய்ந்தது.

3. ஜெயின் ஆணையம்: நீதிபதி மிலாப் சந்த் ஜெயின் தலைமையில் 1991 ஆகஸ்டில் அமைக்கப்பட்டது. கொலைக்குப் பின்னால் இருந்த சதியின் விரிவை ஆராய்ந்தது. இதன் இடைக்கால அறிக்கை 1997இலும் இறுதி அறிக்கை 1998இலும் அளிக்கப்பட்டன.

நிகழ்வின் சுருக்கம்

1991 மே மாதம் நாடாளுமன்றத் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு ஜனவரி 30 முதல் குடியரசுத் தலைவர் ஆட்சி நடைமுறையில் இருந்தது. மே 21 இரவு விசாகப்பட்டினத்திலிருந்து விமானத்தில் மீனம்பாக்கம் வந்திறங்கிய ராஜீவ் காந்தி, போரூர், பூந்தமல்லி வழியாகக் காரில் ஸ்ரீபெரும்புதூருக்குச் சென்றார். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர், பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 20 கி.மீ. தொலைவு. காங்கிரஸ் வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்கு ஆதரவான கூட்டம் அங்கே ஏற்பாடாகியிருந்தது.

இரவு 10.20 மணி அளவில் அவர் மேடையை நோக்கி நடந்து வந்தபோது, வரவேற்கக் காத்திருந்தவர்களிடையே சந்தன மாலையுடன் நின்ற தணு என்ற பெண், காலைத் தொட்டு வணங்குவதுபோல் குனிந்து, இடுப்பில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்தார். அவர் விடுதலைப் புலிகள் இயக்கத்தைச் சேர்ந்தவர் என்பது பின்னர் நீதிமன்றத்தில் நிறுவப்பட்டது.

ராஜீவ் காந்தியுடன் மேலும் 15 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 9 பேர் காவல் பணியாளர்கள். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும், ராஜீவின் தனிப் பாதுகாப்பு அதிகாரியும் இறந்தவர்களில் அடங்குவர். கவிதை படித்துக் காட்ட வந்திருந்த ஒரு சிறுமியும் அவள் தாயும் இறந்தனர். தணுவும், சதிகாரர்களுக்காகப் படமெடுக்க வந்த ஹரிபாபு என்ற புகைப்படக்காரரும் வெடிப்பில் மாண்டனர். காயமடைந்தோர் 43 பேர். தணுவை விலக்கி நிறுத்த முயன்ற பெண் உதவி ஆய்வாளர் ஒருவர் படுகாயத்துடன் உயிர் பிழைத்தார்.

இந்த எண்ணிக்கை ஒன்றைச் சொல்கிறது. காவலர்கள் களத்தில் இல்லாமல் இல்லை. தலைவருக்கு மிக அருகிலேயே இருந்தார்கள், அதனால்தான் 9 பேர் இறந்தார்கள். ஆட்கள் இருந்தும் ஏற்பாடு ஏன் பயன்படவில்லை என்பதே ஆணையத்தின் முன் இருந்த புதிர்.

ஆணையத்திற்குத் தரப்பட்ட வரையறை

1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையங்கள் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட வர்மா ஆணையத்திடம் இரண்டு கேள்விகள் முதன்மையாக ஒப்படைக்கப்பட்டன. முதலாவது: இந்தக் கொலையைத் தவிர்த்திருக்க முடியுமா, பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்கள் கடமை தவறினார்களா? இரண்டாவது: பாதுகாப்பு முறை விதிகளில் வகுக்கப்பட்டபடியோ, நடைமுறையில் கையாளப்பட்டபடியோ கொலைக்கு இடம் கொடுத்த குறைகள் எவை?

இரண்டாவது கேள்வியின் அமைப்பைக் கவனிக்க வேண்டும். ஏட்டில் உள்ள விதி வேறு, களத்தில் நடப்பது வேறு என்ற உண்மையை அது முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறது.

ஆணையம் கண்டவை

சிறப்புப் பாதுகாப்பு விலக்கம்: பிரதமரைக் காக்கவென்று 1985இல் உருவாக்கப்பட்டது சிறப்புப் பாதுகாப்புக் குழு (எஸ்.பி.ஜி.). 1988இல் இதற்கென இயற்றப்பட்ட சட்டம், பதவியில் இருக்கும் பிரதமரையும் அவர் குடும்பத்தையும் மட்டுமே கருத்தில் கொண்டிருந்தது. 1989 இறுதியில் ஆட்சி மாறியபின் ராஜீவ் காந்திக்கு இந்தப் பாதுகாப்பு விலக்கப்பட்டது. பதவி போனாலும் அவருக்கிருந்த ஆபத்து போகவில்லை. ஆனால் விலக்கிய பாதுகாப்புக்கு ஈடான மாற்று ஏற்பாடு செய்யப்படவில்லை என்று ஆணையம் குறை கண்டது.

பொறுப்புப் பகிர்வு: அரசியலமைப்பின்படி காவல் என்பது மாநிலப் பொருள். அச்சுறுத்தல் பற்றிய உளவுத் தகவலைத் திரட்டுவதில் மத்திய உளவுத்துறைக்குப் பெரும் பங்கு உண்டு. களத்தில் நிற்பவர்களோ மாநிலக் காவலர்கள். இருவருக்கும் இடையில் பொறுப்பு சிதறிப்போவது எளிது. மத்திய அமைப்புகள், மாநிலக் காவல்துறை இரண்டின் தவறுகளையும் ஆணையம் சுட்டிக்காட்டியது.

அணுகல் கட்டுப்பாடு: ஒரு தலைவரைச் சுற்றி யார், எவ்வளவு நெருங்கலாம் என்று வரையறுப்பதே அணுகல் கட்டுப்பாடு. மாலை போடுவோர் பட்டியலை முன்கூட்டியே பெற்று, ஒவ்வொருவரையும் சோதித்து, அவர்களை மட்டும் உள்ளே விட வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் காவல்துறை செய்திருந்த ஏற்பாட்டை உள்ளூர்க் கட்சியினர் குலைத்தார்கள் என்று ஆணையம் கூறியது. தணு நின்ற இடம், சோதிக்கப்பட்டவர்கள் மட்டும் நிற்க வேண்டிய இடம்.

கட்சியினரின் பங்கைச் சொன்ன இந்தப் பகுதிதான் அரசியலில் அதிக விவாதத்தைக் கிளப்பியது. மக்களோடு நெருங்கிப் பழக விரும்பும் தலைவர், அவரிடம் முகம் காட்ட விரும்பும் தொண்டர்கள், இருவரையும் தடுக்கத் தயங்கும் காவலர் ஆகிய மூவரும் சேரும்போது விதி தளர்ந்துவிடுகிறது.

கவனிக்கப்படாத ஒத்திகை

சதியாளர்கள் நேராக ஸ்ரீபெரும்புதூருக்கு வந்துவிடவில்லை. 1991 மே 7 அன்று சென்னை நந்தனத்தில் வி. பி. சிங் கலந்துகொண்ட கூட்டத்துக்கு அவர்கள் சென்று ஒத்திகை பார்த்தார்கள் என்பது நீதிமன்ற விசாரணையில் வெளிவந்தது. பெருந்தலைவர் ஒருவரை மாலையுடன் எவ்வளவு நெருங்க முடிகிறது என்பதை இரண்டு வாரங்களுக்கு முன்பே அவர்கள் அளந்து பார்த்துவிட்டார்கள். காவல் அமைப்பின் ஓட்டையைத் தாக்க வந்தவர்கள் சோதித்தார்கள். காக்க வேண்டியவர்கள் சோதிக்கவில்லை.

கருவிகளால் தடுத்திருக்க முடியுமா?

இந்தக் குண்டில் ஆர்.டி.எக்ஸ். என்ற வெடிபொருளும் ஏராளமான சிறு எஃகுக் குண்டுகளும் இருந்தன. உலோகம் காட்டும் கருவி வெடிபொருளை அறியாது. அதோடு சேர்ந்த உலோகத்தை மட்டுமே அறியும். வெடிபொருளின் மணத்தை அறிவது மோப்ப நாயும் அதற்கெனச் செய்த கருவிகளும்தான். ஆனால் பிளாஸ்டிக் வகை வெடிபொருள்களில் ஆவி மிகக் குறைவாக வெளிப்படுவதால் கண்டறிவது கடினம்.

இது உலகளாவிய சிக்கல். 1988இல் லாக்கர்பி நகரின் மேல் விமானம் ஒன்று குண்டுவெடிப்பில் சிதறியபின், பிளாஸ்டிக் வெடிபொருள்களில் எளிதில் கண்டறியத்தக்க ஒரு வேதிப்பொருளைத் தயாரிப்பின்போதே கலக்க வேண்டும் என்ற பன்னாட்டு உடன்படிக்கை 1991 மார்ச் 1 அன்று மான்ட்ரியலில் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வந்தது 1998இல்தான்.

எனினும் எந்தக் கருவியும், அதைக் கடந்து வருபவரை மட்டுமே சோதிக்கும். சுற்றி வருபவரை அனுமதித்துவிட்டால் கருவி இருந்தும் இல்லாததே. ஸ்ரீபெரும்புதூர் நிகழ்வில் கருவியின் திறனைவிட அணுகல் கட்டுப்பாடு பெரிதாகப் பேசப்படுவதற்குக் காரணம் இதுவே.

வெடிப்புக்குப் பிந்தைய ஆய்வு

ஆயத்த நிலையின் மற்றொரு பகுதி, வெடித்தபின் தடயங்களைக் காப்பது. இதில் தமிழ்நாட்டின் பங்கு குறிப்பிடத்தக்கது. மாநிலத் தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன், சிதறிய துணி, கம்பி, உடற்பகுதிகளை ஆராய்ந்து, குண்டு மேடையிலோ தரையிலோ வைக்கப்படவில்லை, ஒரு பெண்ணின் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது என்ற முடிவுக்கு வந்தார். இறந்துகிடந்த ஹரிபாபுவின் கேமரா சேதமின்றிக் கிடைத்தது. அதிலிருந்த 10 படங்களே புலனாய்வுக்கு வழி திறந்தன.

பின்விளைவுகள்

விசாரணை ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. அறிக்கையையும் அதன்மீது எடுத்த நடவடிக்கையையும் ஆறு மாதத்துக்குள் நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும் என்பதே சட்டம். வர்மா அறிக்கையின் முடிவுகளை நரசிம்ம ராவ் அரசு முதலில் ஏற்கத் தயங்கி, எதிர்ப்புக்குப் பின்னரே ஏற்றது.

அறிக்கை வருமுன்பே ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1991இல் எஸ்.பி.ஜி. சட்டம் திருத்தப்பட்டு, முன்னாள் பிரதமர்களும் அவர்களது குடும்பத்தினரும் பாதுகாப்பு வளையத்துக்குள் கொண்டுவரப்பட்டனர். 2019இல் இது மீண்டும் சுருக்கப்பட்டு, முன்னாள் பிரதமருக்குப் பதவி விலகிய பின் ஐந்து ஆண்டுகள் என வரம்பிடப்பட்டது.

ஆயினும் பாடம் உடனே பதிந்துவிடவில்லை. 1998 பிப்ரவரி 14 அன்று, எல். கே. அத்வானி பேச இருந்த நாளில், கோயம்புத்தூரில் நடந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 58 பேர் இறந்தனர். அதை ஆராய நீதிபதி பி. ஆர். கோகுலகிருஷ்ணன் ஆணையம் அமைக்கப்பட்டது. மாறாக, 2011 அக்டோபர் 28 அன்று மதுரை மாவட்டம் திருமங்கலம் அருகே அத்வானி யாத்திரை செல்லவிருந்த பாதையில், பாலத்தின் அடியில் வைக்கப்பட்ட குழாய்க் குண்டு முன்கூட்டியே கண்டுபிடித்து அகற்றப்பட்டது.

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் மகாராஷ்டிர அரசு அமைத்த ராம் பிரதான் குழுவும் இதே வகையான மதிப்பீட்டைச் செய்தது. அங்கே தாக்குதல் முடிந்து பல நாள் கழித்து, டிசம்பர் 3 அன்று, சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் குவித்து வைத்திருந்த பயணிகளின் மூட்டைகளுக்கிடையே வெடிக்காத குண்டு இருந்தது தெரியவந்தது. தேடுதலை முறையாகச் செய்யாவிட்டால் ஆபத்து கண்ணெதிரிலேயே கிடக்கும் என்பதற்கு அது சான்று.

இன்றைய நிலை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகள் 2022 ஜனவரி முதல் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன. கனரக ஊர்தித் தொழிற்சாலையும் மத்திய ரிசர்வ் காவல் படையும் அமைந்துள்ள ஆவடியும், தொழிற்பேட்டை கொண்ட அம்பத்தூரும் பாதுகாப்பு நோக்கில் முக்கியமானவை. 2009இல் தேசியப் பாதுகாப்புப் படையின் மண்டல மையம் ஒன்று சென்னைக்கு ஒதுக்கப்பட்டது. நாடெங்கும் நிகழும் குண்டுவெடிப்புகளின் விவரங்களைத் தொகுக்கும் தேசிய வெடிகுண்டுத் தரவு மையமும் இப்படையின் மானேசர் வளாகத்தில் இயங்குகிறது.

ஒத்திகையின் பயனைக் காவல்துறையும் கற்றுக்கொண்டது. 'சாகர் கவச்' என்ற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையில், காவலர்களே மாறுவேடத்தில் போலிக் குண்டுகளுடன் ஊடுருவ முயல, மற்ற காவலர்கள் அவர்களைப் பிடிக்க வேண்டும். பிடிபடாமல் நுழைந்துவிட்டால் அந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். 1991இல் சதியாளர்கள் செய்த வேலையை இப்போது காக்க வேண்டியவர்களே செய்து பார்க்கிறார்கள்.

2024 பிப்ரவரி 8 அன்று சென்னையின் பல தனியார் பள்ளிகளுக்கு மின்னஞ்சலில் வந்த மிரட்டல் புரளி என்று தெரிந்தது. ஆனாலும் ஒவ்வொரு பள்ளியையும் காலிசெய்து, வெடிகுண்டு கண்டறியும் பிரிவினர் சோதித்த பின்பே அது புரளி என்று சொல்ல முடிந்தது. பொது இடத்தில் கேட்பாரற்ற பொருளைக் கண்டால் தொடாமல் விலகி நின்று, மற்றவர்களையும் விலக்கி, 112 என்ற எண்ணுக்குத் தெரிவிப்பதே மாணவர்கள் செய்ய வேண்டியது.

வழக்கின் முடிவு

கொலை வழக்கின் விசாரணை பூந்தமல்லியில் அமைக்கப்பட்ட தடா சிறப்பு நீதிமன்றத்தில் நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மரண தண்டனையை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்து, 19 பேரை விடுவித்தது. அந்த எழுவரும் 2022இல் விடுதலையாயினர். ஸ்ரீபெரும்புதூரில் வெடிப்பு நிகழ்ந்த இடத்தில் இன்று நினைவகம் உள்ளது.

குறிப்பு: பெண்களுக்கு எதிரான குற்றங்கள் தொடர்பான சட்டத் திருத்தங்களைப் பரிந்துரைக்க 2012 டிசம்பரில் அமைக்கப்பட்ட வர்மா குழு வேறு. இரண்டுக்கும் தலைமை வகித்தவர் ஒருவரே. 1997–98இல் இந்தியத் தலைமை நீதிபதியாகவும் இருந்த ஜே. எஸ். வர்மா 2013இல் காலமானார்.