மண்ணை விற்ற நாடு

திருவள்ளுவர் பொருட்பாலிலே 'நாடு' என்னும் அதிகாரத்தை அடுத்து 'அரண்' வைத்து, அதன் பின்னரே 'பொருள்செயல்வகை' வைத்தார். இவ்வைப்புமுறையை வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்தபொழுது மாணவன் ஒருவன் எழுந்து, "பொருளை முன்னும் நாட்டைப் பின்னுமாக வைத்தால் என்ன குறை, ஐயா?" என்று வினவினான். நல்ல வினா. அதற்கு விடை கூற ஒரு தேசம் உண்டு. அதன் பெயர் நவுறு.

பசிபிக் சமுத்திரத்திலே, மத்தியகோட்டுக்கு அரைப்பாகையளவு தெற்கே, தன்னந்தனியாய்க் கிடக்கும் பவளத் தீவு அது. பரப்பு 21 சதுரக் கிலோமீற்றர். குடிசனம் ஏறத்தாழ 12,000. கரையோரத்திலே தென்னையும் தாழையும் வளரும் ஒடுங்கிய நிலம், நடுவே மேட்டுநிலம், ஆறு ஒன்றேனும் இல்லை. ஆதிக்குலங்கள் பன்னிரண்டு. தேசியக் கொடியிலுள்ள விண்மீனின் பன்னிரு முனைகளும் அக்குலங்களையே குறிப்பன. சட்டப்படி தலைநகர் என ஒன்றில்லை. அரசாங்க அலுவலகங்கள் யாரென் என்னும் பகுதியில் உள்ளன. மூன்றாண்டுக்கு ஒருமுறை தெரிவாகும் பாராளுமன்றத்தில் உறுப்பினர் 19 பேர். அவர்களே தம்முள் ஒருவரைச் சனாதிபதியாகத் தெரிவர்.

இத்தீவை 1888 இல் ஜேர்மனி கைக்கொண்டது. இங்கிருந்து சிட்னி நகருக்குச் சென்ற கல்லொன்று, ஒரு கம்பனிக் காரியாலயத்திலே கதவுக்கு அணையாகக் கிடந்தது. அதனைச் சோதித்தபோதுதான் அது மிகத் தரமான பொசுபேற்று என்பது தெரிந்தது. அன்றே தீவின் தலையெழுத்து மாறிற்று. 1907 முதல் மண் கப்பலேறியது. முதல் உலக யுத்தத்தின் பின் பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து என்னும் மூன்று நாடுகளும் கூடி அதனை அகழ்ந்தன. அவற்றின் வயல்களும் புற்றரைகளும் இப்பசளையால் தழைத்தன. பசளை ஈந்த மேட்டுநிலமோ, மண் நீங்கி, கூரிய சுண்ணக்கற்றூண்கள் மாத்திரம் நிற்கும் பாழாயிற்று. இன்று தீவின் ஐந்தில் நான்கு பங்கு இந்நிலையில் உள்ளது.

இரண்டாம் உலக யுத்தத்திலே யப்பானியர் தீவைக் கைப்பற்றி, 1943 இல் 1,200 பேரைத் திரக் தீவுகளுக்குக் கொண்டுசென்றனர். 1946 சனவரி 31 இல் மீண்டு வந்தோர் 737 பேரே. அந்நாளையே தேர்ந்து, 1968 சனவரி 31 இல் நவுறு சுதந்திரம் பெற்றது. 1970 இல் அகழ்வுத் தொழிலும் அதன் கைக்கு வந்தது. செல்வம் பெருகிற்று. வரியில்லை, வைத்தியமும் கல்வியும் இலவசம். மெல்பேண் நகரில் 52 மாடி மாளிகை 1977 இல் எழுந்தது. இலண்டனில் 1993 இல் ஓர் இசை நாடகத்திற்கும் நாட்டுப் பணம் நல்கப்பட்டு நட்டமாயிற்று. கல் தீர்ந்துவர, கடன் ஏறியது. 2004 இல் மாளிகை விலைப்பட்டது. இறக்குமதி உணவையே நம்பிய மக்களிடத்து நீரிழிவு பெருகிற்று.

சுதந்திரத்துக்கு முன் நிகழ்ந்த அழிவுக்கு ஈடு வேண்டி 1989 இல் அவுஸ்திரேலியாமீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது நவுறு. 1993 இல் 107 மில்லியன் அவுஸ்திரேலிய டொலருக்கு இணக்கமாயிற்று. ஆயினும் பணம் மண்ணாகுமோ? 2001 முதல் அவுஸ்திரேலியா, தன்பால் அடைக்கலம் நாடிப் படகேறி வந்தோரை இத்தீவிலே தங்கவைத்து, அதற்குப் பொருள் கொடுக்கலாயிற்று. 2007 இல் அங்கு அனுப்பப்பட்டோருள் நம் தமிழரும் இருந்தனர். சொந்த மண்ணை விட்டு ஓடியவர்க்கு, மண்ணை விற்றுத் தீர்த்த தீவிலே சிறை! இச்செய்தியைப் படித்த நாள்முதல் நவுறு எனக்கு வெறும் பூமிசாத்திரப் பாடமன்று.

மாணவனின் வினாவுக்கு இதுவே விடை எனச் சொல்லி முடித்திருப்பேன். ஆனால் விடை இதனோடு முடிவதன்று. அறுபதுகளிலே, "உங்கள் தீவு இனி உதவாது, குவீன்ஸ்லாந்தை அடுத்த கேட்டிஸ் தீவிலே குடியேறுங்கள்" என்னும் யோசனையை அவுஸ்திரேலியா முன்வைத்தது. தனி இனமாய், தமக்குரிய ஆட்சியோடு வாழ வழியிராது எனக் கண்ட நவுறு மக்கள் 1964 இல் அதனை மறுத்தனர். அம்மக்கள் கொண்டாடும் திருநாள் ஒன்றும் உண்டு, 'அங்காம்' என்பர். இனம் அழியாதிருக்கக் குறைந்தது 1,500 பேர் வேண்டும் எனக் கருதியிருந்த காலத்தில், 1932 ஒக்டோபர் 26 இல் பிறந்த ஒரு குழந்தையால் அத்தொகை நிரம்பியது. அந்நாளே திருநாள். கல்லை நிறுத்து விலை பேசியோர் பலர்; அம்மக்களோ தம் பிள்ளைகளை எண்ணி மகிழ்ந்தனர்.

இன்று சூரைமீன் பிடிக்கும் அந்நியக் கப்பல்களின் உரிமக் கட்டணம் அந்நாட்டின் முக்கிய வருவாய்களுள் ஒன்று. வருந்தலைமுறைக்கென 2015 இல் ஒரு நிதியமும் அமைத்தனர். பட்டபின் வந்த அறிவு, எனினும் அறிவே.

மறுநாள் அம்மாணவனை அழைத்து இக்கதையைச் சொன்னேன். "மண்ணே போனபின்னும் அது நாடுதானா, ஐயா?" என்றான். "போக மறுத்தவர் அங்கே இருக்கின்றனரே" என்றேன். அவன் நூலை விரித்து, 'நாடு' அதிகாரத்தை மீண்டும் முதலிலிருந்து படிக்கத் தொடங்கினான்.