டிஸ்க் இருக்கு, இடம் இல்லை: சர்வர் வால்யூம் 16 டிபி-யில் முட்டி நிற்பது ஏன்?

சர்வரில் இடம் தீர்ந்துபோகிறது. புது டிஸ்க்குகள் வாங்கிப் போட்டாச்சு. கூடுதல் இடமும் கணக்கில் தெரியுது. ஆனால் வால்யூமைப் பெரிதாக்கப் போனால், 16 டெராபைட்டுக்கு மேல் நகர மறுக்கிறது. டிஸ்க் பழுதா? இல்லை. வால்யூமை ஃபார்மேட் செய்த அன்று எடுத்த முடிவுதான் காரணம்.

வால்யூம்னா என்ன?

பல டிஸ்க்குகளின் இடத்தை ஒன்றுசேர்த்து, அதிலிருந்து பிரித்துத் தரும் பகுதிதான் வால்யூம். கிளஸ்டர் எனப்படும் சர்வர் கூட்டமைப்பில் எல்லா சர்வர்களும் அதைப் பொதுவில் பயன்படுத்தலாம். ஒரு சர்வர் படுத்துவிட்டால் இன்னொன்று வேலையைத் தொடரும். விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-வில் இந்த வசதி வந்தது. ஆனால் பொது வால்யூமே நிரம்பிவிட்டால், எந்த சர்வரில் ஓடினாலும் அதிலுள்ள விர்ச்சுவல் மெஷின்கள் நின்றுபோகும்.

16 டிபி எப்படி வந்தது?

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறை, வால்யூமைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து எண் போடுகிறது. அந்த எண் 32 பிட். அதாவது சுமார் 429 கோடி கட்டங்கள்தான் முடியும். பொதுவாக ஒரு கட்டம் 4 கேபி. பெருக்கிப் பார்த்தால் 16 டிபி! கட்டம் 64 கேபி என்றால் 256 டிபி வரை போகலாம். விண்டோஸ் சர்வர் 2019 முதல் 2 எம்பி கட்டமும் உண்டு. அதில் எல்லை 8 பெட்டாபைட்.

குழப்பம் என்னவென்றால், இந்தக் கட்டத்துக்கும் 'கிளஸ்டர்' என்றுதான் பெயர். சர்வர் கிளஸ்டர் வேறு, இது வேறு.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டால்?

விண்டோஸில், ஃபார்மேட் செய்த வால்யூமின் கட்ட அளவை அப்படியே மாற்ற முடியாது. 64 கேபி-யில் புது வால்யூம் உருவாக்கி, தரவை அங்கே நகர்த்த வேண்டும். ஹைப்பர்-வியில், விர்ச்சுவல் மெஷினை நிறுத்தாமலே அதன் டிஸ்க்கை மாற்றலாம். ஒரு எச்சரிக்கை: 4 கேபி-யைத் தாண்டிய கட்டத்தில் என்டிஎஃப்எஸ் கம்ப்ரெஷன் வேலை செய்யாது.

அப்போ 256 டிபி-க்கே போயிடலாமா?

வேண்டாம். பேக்கப் எடுக்க உதவும் மைக்ரோசாஃப்டின் ஷேடோ காப்பி வசதி 64 டிபி வரைதான் தாங்கும். அதை நம்பி பேக்கப் எடுக்கும் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்ட் கிளஸ்டர்களில், ஒரு வால்யூமை 10 டிபி-க்குள் வைப்பது நல்லது என்கிறது அந்நிறுவனம். வால்யூம்களின் எண்ணிக்கை சர்வர் எண்ணிக்கையின் மடங்காக இருக்கட்டும் என்றும் சொல்கிறது. 4 சர்வர் என்றால் 4 அல்லது 8 வால்யூம். சுமை சமமாகப் பிரியும்.

ஒரே பெரிய வால்யூம் பழுதானால் எல்லாமே மாட்டும். பேக்கப்பிலிருந்து மீட்கவும் நேரமாகும். நாலாகப் பிரித்திருந்தால் மற்ற மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும்.

புது டிஸ்க்குக்கு ஆர்டர் போடும் முன் 'எஃப்எஸ்யூடில்' கட்டளையில் கட்ட அளவைப் பார்த்துவிடுங்கள். 4096 என்று வந்தால், உங்கள் எல்லை 16 டிபி.