டயக்னாஸ்டிக்ஸ் ஸ்டார்ட்-அப்பில் வேலையா? லீடர்ஷிப் டீமில் முதலில் யாரைப் பார்க்கணும்?

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் காலையில் போனால் கார், லாரி, டயர் கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசையில் அடுத்து சேரப்போவது மருத்துவக் கருவிகள். மத்திய அரசின் மருத்துவக் கருவிப் பூங்கா திட்டத்தில் தேர்வான நான்கு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஒரகடத்தில் 350 ஏக்கர், பொறுப்பு சிப்காட்டிடம்.

கருவி கம்பெனி வந்தால், பரிசோதனை கிட் தயாரிக்கும் ஸ்டார்ட்-அப்களும் வரும். வேலை தேடுபவர் முதலில் திறப்பது கம்பெனி வெப்சைட். அதில் 'எங்கள் டீம்' பக்கத்தில் கோட் போட்ட ஏழெட்டு போட்டோக்கள். அதில் எதைப் பார்ப்பது?

பெரிய பெயர்கள் இருந்தும்...

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் அமெரிக்காவின் தெரனோஸ். கல்லூரிப் படிப்பை பாதியில் விட்ட எலிசபெத் ஹோம்ஸ் 2003-ல் தொடங்கிய கம்பெனி. விரல் நுனியில் எடுக்கும் சில சொட்டு ரத்தத்தில் ஏகப்பட்ட டெஸ்ட் என்பதுதான் வாக்குறுதி. ஒரு கட்டத்தில் மதிப்பு 900 கோடி டாலர். இயக்குநர் குழுவில் ஹென்றி கிஸ்ஸிஞ்சர், ஜார்ஜ் ஷுல்ட்ஸ் என முன்னாள் வெளியுறவு அமைச்சர்கள். கம்பெனியின் தினசரி நிர்வாகம் சன்னி பல்வானி கையில். அவர் சாஃப்ட்வேர் துறையிலிருந்து வந்தவர்.

லேப் யார் கையில் இருந்தது? கதையின் முக்கியமான இடம் இதுதான். ரிசல்ட் நம்ப முடியாமல் இருக்கிறது என்று எச்சரித்த லேப் இயக்குநர் 2014-ல் விலகினார். அடுத்து அந்தப் பொறுப்புக்கு வந்தவர் ஒரு தோல் டாக்டர், பல்வானிக்கே சிகிச்சை பார்த்தவர். பெயருக்கு லேப் இயக்குநர். லேப் பக்கம் வந்ததே அபூர்வம். இதெல்லாம் நீதிமன்றத்தில் சாட்சியமாக வந்தவை.

கடைசியில் 'தப்பு' என்று வெளியே சொன்னது யார் தெரியுமா? அப்போதுதான் கல்லூரி முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்த எரிகா சியுங், டைலர் ஷுல்ட்ஸ் என்ற இருவர். டைலர், இயக்குநர் குழுவில் இருந்த ஜார்ஜ் ஷுல்ட்ஸின் சொந்தப் பேரன்! 2016-ல் தெரனோஸ் தன் கருவி கொடுத்த இரண்டு வருட ரிசல்ட்களைத் தானே ரத்து செய்தது. 2018-ல் கம்பெனி மூடப்பட்டது. 2022-ல் ஹோம்ஸுக்கு 11 ஆண்டுக்கும் மேல் சிறை, பல்வானிக்கு கிட்டத்தட்ட 13 ஆண்டு.

இங்கே நடந்த கதை வேறு

பெங்களூரின் பிக்டெக் லேப்ஸில் சந்திரசேகர் நாயர் டீம் உருவாக்கிய ட்ரூநாட், பேட்டரியில் ஓடும் சின்ன பி.சி.ஆர். கருவி. ஏ.சி. லேப் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சுமார் ஒரு மணி நேரத்தில் காசநோயைக் கண்டுபிடிக்கும். ஆராய்ச்சி தெரிந்த பிக்டெக்கும், டெஸ்ட் கிட் தயாரித்துப் பழகிய கோவாவின் டியூலிப் குழுமமும் சேர்ந்ததுதான் மோல்பயோ. அதன் தலைமைப் பொறுப்பில் ஸ்ரீராம் நடராஜன், தொழில்நுட்பத்துக்கு நாயர்.

இவர்களுக்கு அவசரம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனாலும் கருவி வெளி ஆட்களின் கைக்குப் போனது. இந்தியா, பெரு, எத்தியோப்பியா, பப்புவா நியூ கினியா என நான்கு நாடுகளில் சோதித்த பிறகே 2020-ல் உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை கிடைத்தது. பிக்டெக் தொடங்கிய 2000-லிருந்து எண்ணினால் 20 வருடம். டெமாசெக்கின் பெரிய முதலீடு வந்து 'யூனிகார்ன்' ஆனது அதற்கும் பிறகு, 2022-ல்.

ஏன் இவ்வளவு சோதனை? காசநோய் இருப்பவருக்கு 'இல்லை' என்று வந்தால், அவர் வீட்டுக்குப் போய் குடும்பத்துக்கே பரப்புவார். இல்லாதவருக்கு 'இருக்கு' என்று வந்தால், ஆறு மாத மாத்திரை வீண். முதல் தவறு எவ்வளவு குறைவு என்பதைச் சொல்வது சென்சிட்டிவிட்டி, இரண்டாவதற்கு ஸ்பெசிஃபிசிட்டி. கம்பெனி விளம்பரத்தில் ஒன்றை மட்டும் போட்டிருந்தால், மற்றதைக் கேட்கணும்.

சரி, இன்டர்வியூவில் என்ன கேட்பது?

இந்தியாவில் 2017 மருத்துவக் கருவி விதிகளின்படி டெஸ்ட் கிட்டுகளும் ஆபத்தைப் பொறுத்து ஏ முதல் டி வரை பிரிக்கப்படுகின்றன. எச்.ஐ.வி. கிட் போன்றவை டி பிரிவு; அதற்கு லைசென்ஸ் தருவது மத்திய அமைப்பு. அதனால் 'உங்கள் கிட் எந்தப் பிரிவு, லைசென்ஸ் வந்தாச்சா?' என்று கேட்பதில் தப்பே இல்லை. தயாரிக்கும் கம்பெனி 'சீக்கிரம் வந்துடும்' என்று மழுப்பினால் யோசிக்கணும்.

இன்னொரு கேள்வி: குவாலிட்டி ஹெட் யாருக்கு ரிப்போர்ட் பண்றார்? புரொடக்‌ஷன் மேனேஜருக்கா, நேரடியாக தலைமைக்கா? ஒரகடம் கார் பிளான்ட்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே குவாலிட்டி 'ஹோல்ட்' போட்டால், மாதக் கடைசி டார்கெட் இருந்தாலும் வண்டி கேட்டைத் தாண்டாது. டெஸ்ட் கிட் கம்பெனியிலும் ஒரு பேட்ச்சை நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, கடைசியாக எப்போது நிறுத்தினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இதுவரை ஒரு பேட்ச்சைக்கூட நிறுத்தியதில்லை என்று பெருமையாகச் சொன்னால், டீம் பக்கத்தை இன்னொரு முறை திறந்து பார்க்கலாம்.