பிரசவம் எந்த ஊர்க் கணக்கில்?

பிறப்பு விகிதம் என்பது ஓராண்டில் பிறப்புப் பதிவேட்டில் ஏறிய பிறப்புகளை மக்கள்தொகையால் வகுத்து, ஆயிரம் பேருக்கு எத்தனை என்று சொல்லும் எண். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில், அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இதே கணக்குதான். அந்த எண்ணை வைத்து ஊர்ப் பெண்கள் எத்தனை பிள்ளை பெற்றார்கள் என்று சொல்லிவிட முடியாது என்பதே என் வாதம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், 26 பிப்ரவரி 1931 இரவு யார் எங்கிருந்தாரோ அங்கேயே எண்ணப்பட்டார். பிறப்போ, குழந்தை பிறந்த ஊரில் பதிவாகும். அருகிலுள்ள வ. புதுப்பட்டியில் வாழ்க்கைப்பட்ட பெண், தலைப்பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் தாய்வீட்டுக்குப் போனால், பிறப்பு நகராட்சி ஏட்டில் ஏறும். சில மாதத்தில் தாயும் பிள்ளையும் புதுப்பட்டி ஆட்களாகிவிடுவார்கள். உதாரணத்துக்கு, 20,000 பேர் உள்ள ஊரில் 600 பிறப்பு என்றால் ஆயிரத்துக்கு 30. அதில் 60 பேர் வெளியூர் மருமகள்களின் பிள்ளைகள் என்றால் உண்மை விகிதம் 27.

நகரத்துப் பெண்ணும் கிராமத்துத் தாய்வீட்டுக்குப் போவாளே, இரண்டும் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். கொள்வினை கொடுப்பினை உள்ள பக்கத்துப் பக்கத்து ஊர்களுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆஸ்பத்திரி உள்ள நகரத்துக்குப் பொருந்தாது. 1844-இல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கு வெளியூர்த் தாய்மார்கள் வந்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகள் சென்னைக் கணக்கில் சேர்ந்தார்கள்.

பதிவேட்டில் ஏறாமலே விட்டுப்போகும் பிறப்புகளும் உண்டு. அப்படி விட்டுப்போனவை ஆண்டுதோறும் ஒரே அளவாக இருந்தால் ஏற்ற இறக்கத்தையாவது நம்பலாமே என்பது அடுத்த கேள்வி. கிராமத்தில் ஏட்டை எழுதியவர் ஊர்த் தலைவரான கிராம முன்சீப். பிறந்த சில நாளில் இறந்த சிசு, பிறப்பு, இறப்பு இரண்டு ஏட்டுக்கும் வராமலே போகக்கூடும். அக்கறையுள்ள முன்சீப் ஒருவர் வந்துவிட்டால், எந்தத் தாயும் கூடுதலாகப் பெறாமலே பிறப்பு விகிதம் ஏறிவிடும். 1921-31 பத்தாண்டில் இந்தியாவின் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 46 என்று ஆய்வாளர்கள் பின்னாளில் மதிப்பிட்டார்கள். பதிவேடுகள் காட்டியது அதைவிட வெகு குறைவு. எண்ணிக்கையில் ஏறாத அந்தக் குழந்தைகளையும் ஒருத்தி சுமந்து பெற்றிருக்கிறாள். அவர்களை விட்டுவிட்டுத் தாய்சேய் நலம் பேசுவது நியாயமாகாது.

விட்டுப்போனதை அளக்கும் வழியைப் புள்ளியியலாளர்கள் சந்திரசேகரனும் டெமிங்கும் 1949-இல் வெளியிட்டார்கள். கல்கத்தாவை அடுத்த சிங்கூரில் அதைச் சோதித்திருந்தார்கள். பதிவேட்டில் 80 பிறப்பு, வீடுவீடாகக் கேட்டதில் 90, இரண்டிலும் இருப்பவை 72 என்று வைத்துக்கொள்வோம். 80-ஐ 90-ஆல் பெருக்கி 72-ஆல் வகுத்தால் 100. இரண்டில் ஒன்றிலாவது இருப்பவை 98. இரண்டிலும் தப்பியவை 2. ஒரு பட்டியல் மற்றதைப் பார்த்து எழுதப்பட்டிருக்கக் கூடாது என்பது கட்டாயம். அதனால் முன்சீப் ஏட்டுடன் ஒப்பிட, அதைப் பார்த்தே தயாரித்த அம்மைப்பால் (பெரியம்மைத் தடுப்பூசி) பட்டியல் உதவாது. ஒரு தேவாலயத்தின் ஞானஸ்நான ஏடு, அந்தச் சபைக் குடும்பங்களுக்கு மட்டுமே என்றாலும், உதவும். பாதிரியார் முன்சீப்பைக் கேட்டு அதை எழுதவில்லை.